கடைசிக் கம்பத்தின் கணக்கு

மார்ச் மாதத்தில் ஒரு நாள், மாலை ஏழரை மணி. எங்கள் காலனியின் இரவுப் பாடசாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். டியூப்லைட் இரு முனையும் சிவந்து, கண் சிமிட்டி, மறுபடியும் அணைந்துபோகிறது. மின்விசிறி சுற்றுகிறது; ஆனால் அதன் இறக்கைகளை எண்ணிவிடலாம். "கரண்ட் இருக்குதுண்ணா, ஆனா இல்ல" என்றாள் ஒரு சிறுமி. எதிர்வீட்டு கிரைண்டர் பாதி ஆட்டிய மாவோடு நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த வீட்டில் ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர் எரிந்து ஒரு வாரம் ஆகிறது. வாங்கிய தவணை இன்னும் முடியவில்லை.

மின்வெட்டு என்றால் போன் போட்டுக் கேட்கலாம், சாலையில் உட்காரலாம். இது மின்வெட்டு இல்லை. ஊர்த்தெருவில் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிகிறது. ஏட்டுக் கணக்கில் எங்களுக்கும் 24 மணி நேரமும் மின்சாரம் உண்டு. ஏட்டில் இருப்பது கம்பி வழியே எங்கள் வீடு வரைக்கும் வந்து சேருவதில்லை, அவ்வளவுதான்.

விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்குக் கடைமடை என்றால் விளக்க வேண்டியதில்லை. ஏரி நிரம்பினாலும் மதகை ஒட்டிய நிலம் குடித்த பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர். மின்கம்பியும் அப்படித்தான். மின்மாற்றியிலிருந்து தூரம் போகப் போக, வழியில் ஒவ்வொரு வீடும் இழுக்க இழுக்க, வோல்டேஜ் இறங்கிக்கொண்டே வரும். கம்பி மெலிதாக இருந்தால் இன்னும் இறங்கும். எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் ஊர் நடுவில் இருக்கிறது. ஊரின் கடைசிக் கம்பத்தில் முடிந்திருந்த லைனை, பின்னாளில் கம்பம் கம்பமாக நீட்டித்தான் காலனிக்கு விளக்கு வந்தது. அப்போது இருந்தவை குடிசைகள். குடிசைக்கு ஒரு விளக்கு. அந்த ஒரு விளக்குக்குப் போட்ட கம்பியில்தான் இன்றைக்குத் தொகுப்பு வீடுகளும், 2006க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டிவியும், 2011க்குப் பிறகு கொடுத்த மிக்ஸி, கிரைண்டர், ஃபேனும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அரசு பொருளைக் கொடுத்தது. கம்பியை மாற்ற மறந்துவிட்டது.

எதை நிறுத்தச் சொல்கிறார்கள்?

கோடை வந்தால் வேண்டுகோளும் வந்துவிடும்: உச்ச நேரத்தில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். இந்த ஆண்டு அதைப் பாடசாலைத் திண்ணையில் உரக்கப் படித்தபோது ஓர் ஆயா சிரித்தார். "ஏம்பா, எங்க ஊட்டுல எரியறதே ரெண்டு பல்பு, ஓடறது ஒரு ஃபேனு. இதுல எத்த நிறுத்தச் சொல்றாங்க?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில்தான் கக்கும். ஜன்னல் ஒன்று, அறை ஒன்று என்று கட்டிக்கொடுத்த வீட்டில் ஃபேனை நிறுத்தினால் கைக்குழந்தை தூங்காது. ஏசி ஓடும் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே வேண்டுகோள் என்பது, கிணறு வைத்திருப்பவனுக்கும் குடம் வைத்திருப்பவளுக்கும் ஒரே உபதேசம் செய்வது போன்றது. ஒன்றரை டன் ஏசி ஓடும்போது 1,500 வாட் வரை இழுக்கும். எங்கள் பழைய ஃபேன் 75 வாட். ஒரு ஏசி இழுப்பதில் இருபது வீட்டு ஃபேன் ஓடும்.

ஆனாலும் கோபத்தோடு பேப்பரை மடித்து வைத்துவிடவில்லை. ஏனென்றால் அந்த மாலை நேரத்தில் முதலில் அடிவாங்குவது நாங்கள்தான். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் போனால், இருட்டில் ஏறிப் போடுகிற லைன்மேன் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவரோடு கூட ஏறுகிற ஒப்பந்தத் தொழிலாளி பல நேரம் எங்கள் வீட்டுப் பிள்ளை. ஆகவே, இந்த உச்ச நேரம் என்பது என்ன, அதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது என முடிவு செய்தோம்.

மாநிலக் கணக்கு இது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரிய மின்சாரம் தோள் கொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது கையை விரித்துவிடும். அதே நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் விளக்கு, டிவி, மிக்ஸி, மோட்டார். காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுவது தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில். மார்ச், ஏப்ரலில் அந்தத் துணையும் குறைவு. குறைகிற மின்சாரத்தை மின்சந்தையில் வாங்க வேண்டும். அங்கே மாலை நேரத்தில் ஒரு யூனிட் 10 ரூபாய் உச்சவரம்பு வரை போவதுண்டு. அந்த நட்டம் சுற்றிச் சுற்றிக் கட்டண உயர்வாக நம் வாசலுக்கே வரும். உயர் அழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்குக் காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் 10 வரையும் கூடுதல் கட்டணம் வைத்திருப்பது இதனால்தான். நம் முன்னோர் விளக்கு வைக்கும் நேரம் என்றார்கள். மின்வாரியம் அதையே உச்ச நேரம் என்கிறது.

நோட்டில் எழுதிய கணக்கு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்கள் மாலை ஆறு முதல் பத்து வரை தெருவில் நடந்தார்கள். எந்த வீட்டில், எத்தனை மணிக்கு, என்ன ஓடுகிறது என்று எழுதினார்கள். யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. பிளக்கில் செருகினால் வோல்டேஜ் காட்டும் சிறு மீட்டர் ஒன்றைக் கடைசிக் கம்பத்து வீட்டில் வைத்தோம். மாலை ஏழரைக்கு அது 165 காட்டியது. குறைந்த அழுத்த இணைப்பில் வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது விதி. 230 வோல்ட் என்றால் 216க்குக் கீழே இறங்கக் கூடாது.

நான்கு நாள் நோட்டைப் புரட்டியபோது எங்களுக்கே வியப்பு. தெருவை இழுத்து வீழ்த்தியது விளக்கோ ஃபேனோ டிவியோ இல்லை. ஆறரை மணிக்குக் காலனிக்குக் குடிதண்ணீர் விடுகிறார்கள். பைப்பில் அழுத்தம் இல்லாததால் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் அரை எச்.பி. மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். ஒரு மோட்டார் ஏறக்குறைய 500 வாட். பன்னிரண்டு ஒரே நேரத்தில் ஓடினால் 6 கிலோவாட். அது போதாதென்று, காலியான மேல்நிலைத் தொட்டியை நிரப்ப போர்வெல் மோட்டாரையும் அதே நேரத்தில் போடுகிறார்கள். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் இன்னும் அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகும். கடைசிக் கம்பம் இன்னும் இறங்கும்.

ஊருக்குக் காலையில் தண்ணீர், காலனிக்கு மாலையில் தண்ணீர். இந்த முறையை யார் எப்போது வகுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. எப்போதும் அப்படித்தான் என்றார்கள். 'எப்போதும் அப்படித்தான்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பது இந்தப் பத்தியின் வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவின் உச்ச நேரத்தை உண்டாக்கியது எங்கள் ஊதாரித்தனம் அல்ல. எங்களுக்கு ஒதுக்கப்பட்ட முறை.

எங்களால் ஆனதையும் செய்தோம். எது நகரும், எது நகராது என்று இரண்டு பட்டியல் போட்டோம்.

நகராதவை: படிக்கிற விளக்கு, குழந்தையும் முதியவரும் இருக்கிற வீட்டு ஃபேன், சமையலுக்கான மிக்ஸி. தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்திருக்கும் அண்ணியின் வேலையும் நகராது. பகலெல்லாம் நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு மாலையில்தான் அவர் தைக்கிறார். அந்த மோட்டார் நூறு வாட் அளவுதான். அவருடைய கூலியை வெட்டி மாநிலத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

நகர்பவை: இஸ்திரிப் பெட்டி 1,000 வாட், ஒரு பெட்டி சூடாவதில் பதின்மூன்று ஃபேன் ஓடும். யூனிஃபார்மை ஞாயிற்றுக்கிழமை பகலில் மொத்தமாகத் தேய்த்து வைத்துவிடலாம். மார்கழியில் வாளியில் போடும் ஹீட்டர் ராடு 1,500 வாட். மத்தியானம் கேனில் தண்ணீரை நிரப்பி வெயிலில் வைத்தால் மாலைக் குளியலுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். கிரைண்டர் 150 முதல் 200 வாட். பத்து வீட்டில் ஒன்றாக ஓடுவதுதான் சிக்கல்.

கிரைண்டர் விஷயத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "விடியக்காலம் அஞ்சு மணிக்கு ஆட்டிடலாம்" என்று ஆண்கள் சுலபமாகச் சொன்னார்கள். ஒரு பெரியம்மா எழுந்து, "அஞ்சு மணிக்குத் தண்ணி புடிக்கணும், ஆறு மணிக்கு நடவுக்குப் போவணும். ஆட்டறது யாரு, நீயா?" என்று கேட்டார். கூட்டம் அடங்கிவிட்டது. உச்ச நேரத்திலிருந்து வேலையை நகர்த்துங்கள் என்பவர்கள், அந்த வேலை யாருடைய தூக்கத்துக்குள் நகர்கிறது என்றும் பார்க்க வேண்டும். கடைசியில், மாவாட்டுவது ஞாயிறு அல்லது இரவு பத்து மணிக்குப் பிறகு. ஊற வைப்பது பெண்கள், ஆட்டி வழித்துக் கல்லைக் கழுவி வைப்பது ஆண்கள் என்று முடிவானது. எல்லா வீட்டிலும் நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். சில வீடுகளில் நடக்கிறது.

பிறகு பல்பு. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் 9 வாட் எல்இடி. எண்பது வீடு, வீட்டுக்கு இரண்டு பல்பு என்று வைத்துக்கொண்டால், எல்லாம் ஒன்றாக எரியும் நேரத்தில் 8 கிலோவாட் மிச்சம். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் அது எட்டில் ஒரு பங்கு. வீட்டுக்கும் லாபம்: இரண்டு குண்டு பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 36 யூனிட், எல்இடி என்றால் ஐந்தரை யூனிட்டுக்குள். பாடசாலையின் சோக் டியூப்லைட்டைக் கழற்றி எல்இடி டியூப் போட்டோம். பெரும்பாலான எல்இடி விளக்குகள் வோல்டேஜ் இறங்கினாலும் எரியும். அன்றிரவே பிள்ளைகளுக்கு வெளிச்சம் வந்தது. புதுவகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். ஆனால் அதன் விலை கூலிக்குடும்பத்துக்கு எட்டாது. ஃபேன் கொடுத்த அரசு இனிக் கொடுத்தால் இந்த வகையைக் கொடுக்கட்டும்.

தண்ணீர் முறையை மாற்றத்தான் நடக்க வேண்டியிருந்தது. ஊராட்சியில் இரண்டு முறை பேசி, போர்வெல் மோட்டாரைப் பகலில் போட்டுத் தொட்டியை நிரப்பி வைப்பது, காலனிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் விடுவது என்று ஒப்புக்கொள்ள வைத்தோம். மறுவாரம் ஏழரை மணிக்கு மீட்டர் 192 காட்டியது. கிரைண்டர் நிற்காமல் ஓடியது.

"அதான் சேமிக்கிறீங்களே?"

192 என்பது 216 அல்ல. ஆகவே நோட்டை எடுத்துக்கொண்டு மின் அலுவலகம் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் பார்த்தார், பாராட்டினார். பிறகு கேட்டார்: "நீங்களே லோடைக் குறைச்சிட்டீங்களே, அப்புறம் எதுக்கு சார் தனி டிரான்ஸ்ஃபார்மர்?"

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பத்தியையே எழுதுகிறோம். ஏழையின் சிக்கனம் அவனுக்கு எதிராகவே சாட்சி சொல்ல அழைக்கப்படுகிறது. பசியோடு படுத்தவனைப் பார்த்து 'அதான் தூங்கிட்டியே, சோறு எதுக்கு' என்று கேட்பது போல. எங்கள் பதில் இதுதான்: குறைக்க முடிந்ததையெல்லாம் குறைத்த பிறகும் 192தான் வருகிறது என்றால், குறை எங்கள் பழக்கத்தில் இல்லை, உங்கள் கம்பியில் இருக்கிறது. அதற்கு இந்த நோட்டே சாட்சி.

இன்னொன்றும் பேச வேண்டும். ஒன்றிய அரசு 2023இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, விவசாயம் தவிர்த்த நுகர்வோருக்கு ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் நேரத்துக்கு ஒரு கட்டணம். சூரிய ஒளி நேரத்தில் 20 சதவீதமாவது குறைவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 10 சதவீதமாவது கூடுதல். எங்கள் பக்கம் இன்னும் பழைய மீட்டர்தான். வந்தால் என்ன ஆகும்? பகலில் வீட்டில் இருந்து வாஷிங்மெஷின் ஓட்டவும் ஏசி போடவும் முடிந்தவருக்குத் தள்ளுபடி. பகலெல்லாம் வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் நின்றுவிட்டு, மாலை ஆறு மணிக்குத்தான் வீட்டுக் கதவைத் திறப்பவருக்கு அபராதம். நேரத்தை நகர்த்தும் வசதியும் ஒரு சொத்து. அது யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று பார்க்காத கட்டணம் நியாயமான கட்டணம் ஆகாது. இலவச 100 யூனிட்டுக்குச் சற்று மேலே கீழே நிற்கும் குடும்பங்களுக்கு உச்ச நேரக் கூடுதல் கூடாது என்பதை இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

மின்சாரம் எங்களுக்குத் தூரத்து விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 1943 அக்டோபரில் மின் வளர்ச்சி பற்றிய கொள்கைக் குழுவில் பேசியவர், மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், அது தனியார் லாபத்துக்கு விடப்படலாமா என்பதை ஆராய வேண்டும் என்ற திசையில் விவாதத்தைக் கொண்டுபோனார். அவர் காலத்தில்தான் மத்திய தொழில்நுட்ப மின் வாரியம் அமைந்தது. மலிவு, தாராளம் என்ற இரண்டு சொல்லும் கடைசிக் கம்பத்துக்கும் சேர்த்துத்தான்.

செய்ய வேண்டியவை

உங்கள் தெருவிலும் இதே நிலை என்றால் எங்கள் அனுபவத்திலிருந்து சில.

முதலில் நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், வோல்டேஜ் மூன்றையும் பத்து நாளாவது எழுதுங்கள். 'லோ வோல்டேஜ்' என்று வாயால் சொன்னால் காற்றோடு போகும், எழுதியது நிற்கும். மின்னகம் 94987 94987 எண்ணில் ஒவ்வொரு முறையும் புகார் பதிந்து புகார் எண்ணை அதே நோட்டில் குறியுங்கள். கோட்டச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கும் தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது.

கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். காலனிக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர், பழைய கம்பிக்குப் பதில் புதுக் கம்பி, தண்ணீர் விடும் நேர மாற்றம் மூன்றையும் தனித்தனித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கு 2024இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் எங்கள் தெருவுக்கு என்ன என்று கேட்பது பிச்சை அல்ல, உரிமை.

வீட்டுக்குள் ஒரு கணக்கு. இன்றைய மீட்டரில், வேலையை நேரம் மாற்றுவதால் மட்டும் பில் குறையாது. யூனிட் குறைந்தால்தான் குறையும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகையும் கைவிட்டுப் போகும். கூட்டுக்குடும்பமாக ஒரே மீட்டரில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய பெட்டி ரெகுலேட்டர் மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாற்றுங்கள். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தால் இரவில் ஃபேனுக்குக் கொஞ்சம் வேலை குறையும்.

ஏசியும் இன்வெர்ட்டரும் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மாலை ஆறு முதல் பத்து வரை ஏசியை 26இல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டாரையும் வாஷிங்மெஷினையும் பகலுக்கு மாற்றுங்கள். நீங்கள் நினைத்தால் மாற்ற முடியும். உங்கள் கம்பி போய் முடிகிற இடத்தில் ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது.

பத்தாம் வகுப்புத் தேர்வை எங்கள் பிள்ளைகள் எல்இடி வெளிச்சத்தில் படித்து எழுதிவிட்டார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் வரவில்லை. மே 1 கிராம சபைக்கு நோட்டோடு போகிறோம். முப்பத்தேழு பக்கம் எழுதியாகிவிட்டது. மீதி மூன்று பக்கம் அவர்கள் சொல்லும் பதிலுக்கு.